கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனி ஆயில் டேங்க்: தேர்வு செய்வதும் ஹோஸ் இணைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஒரு பழைய இரண்டு சீட் காரை டிரை சம்புக்கு மாற்றினேன். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சேஸிஸ், அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் 1,147 சிசி எஞ்சின், வெளியே தனி ஆயில் டேங்க். அதன் பிறகு மார்த்தாண்டம், தக்கலை, தூத்துக்குடி என்று பல ஊர்களிலிருந்து பழைய கார் வைத்திருப்பவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரை சம்ப் என்றால் என்ன? எதற்குத் தனி டேங்க்?

சாதாரண காரில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியிலேயே ஆயில் கிடக்கும். பம்பு அங்கிருந்து உறிஞ்சி பேரிங்குகளுக்கு அனுப்பும். இது வெட் சம்ப். டிரை சம்பில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்காது. கீழே வடிவதை ஸ்கேவெஞ்ச் பம்பு உடனே உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்பிவிடும். அந்த டேங்கிலிருந்து பிரெஷர் பம்பு எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும்.

நம் ஊரில் இதைப் புரியவைக்க எளிய உதாரணம் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். அதிலும் கிராங்க் இருக்கும் அறை வேறு, ஆயில் இருக்கும் அறை வேறு. இரண்டும் ஒரே வார்ப்புக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. ஒரு பம்பு கொடுக்கும், இன்னொரு பம்பு திரும்ப எடுக்கும். எடுக்கும் பம்பின் கொள்ளளவு கொடுக்கும் பம்பைவிடக் கூடுதல். காரிலும் அதே கணக்குதான். கீழிருந்து வருவது ஆயில் மட்டுமில்லை, ஆயிலும் காற்றும் கலந்த நுரை. கன அளவு கூடிவிடுவதால் ஸ்கேவெஞ்ச் பக்கம் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

போர்ஷே 911 1964-இல் வந்த நாளிலிருந்து தனி ஆயில் டேங்கோடுதான் வந்தது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், ஜாகுவார் டி-டைப் இரண்டும் டிரை சம்ப்தான். எஞ்சினுக்கு அடியில் ஆழமான சம்ப் இல்லாததால் எஞ்சினைத் தாழ்வாக வைக்க முடிந்தது, பானெட்டும் தாழ்ந்தது.

என் காருக்கு இது வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டேங்க், பம்பு, பெல்ட், ஹோஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவு ஆகிவிடும்.

வளைவில் கார் திரும்பும்போது சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஏறும். பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு இருந்தால் ஆயில் மட்டம் சுமார் 35 டிகிரி சாயும். சமமாக இருந்தால் 45 டிகிரி. ஒரு தூக்குச் சட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி அந்த அளவு சாய்த்துப் பாருங்கள், அடிப்பாகத்தில் ஒரு மூலை வெறுமையாகிவிடும். பம்பின் உறிஞ்சு குழாய் அந்த மூலையில் இருந்தால் காற்றைத்தான் இழுக்கும். பழைய டயரில், பேச்சிப்பாறை ரோட்டு வளைவுகளில், நிதானமாகப் போகிறவருக்கு இந்த நிலை ஒரு நொடிகூட நீடிக்காது. சம்புக்குள் கதவு வைத்த தடுப்புத் தகடு போட்டாலே போதும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ஒரு டிராக்கில் நல்ல டயர் போட்டு ஓட்டினால் நீண்ட வளைவில் நான்கைந்து நொடி அந்தச் சாய்வு நிற்கும். பேரிங் போக அது போதும்.

டிராக்கில் ஓட்டுகிறீர்கள், அல்லது எஞ்சின் தாழ்ந்து உட்கார வேண்டும், அல்லது கார் தொழிற்சாலையிலிருந்தே டிரை சம்போடு வந்தது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் தொடர்ந்து படியுங்கள்.

இன்னொரு விஷயம். 50 வருஷத்துக்கு மேலான காரை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று ‘விஏ’ எழுத்து வரிசையில் பதிவு செய்ய நினைத்தால், எஞ்சினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வெட் சம்ப் காரில் கை வைக்கும் முன் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை லிட்டர் டேங்க் வாங்க வேண்டும்?

ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு மொத்தக் கொள்ளளவு ஏழு லிட்டர் பக்கம் இருந்தால் நல்லது. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஆயில். மீதி காலியாக இருக்க வேண்டும். ‘காலி இடம் வீண்தானே, நிரப்பிவிடலாமே’ என்று பலர் கேட்கிறார்கள். காற்று பிரிவதற்கு அந்த இடம்தான் தேவை. நிரப்பினால் பிரீதர், அதாவது காற்று வெளியேறும் குழாய் வழியாக ஆயில் வெளியே வந்துவிடும்.

உருளை டேங்குக்குக் கணக்கு எளிது. விட்டம் 15 செ.மீ., உயரம் 40 செ.மீ. என்றால் ஏழு லிட்டருக்குச் சற்று மேல். விட்டம் 18, உயரம் 30 என்றால் ஏழரை லிட்டர். இரண்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். உயரமும் ஒடுக்கமுமாக இருந்தால் வளைவில் ஆயில் எவ்வளவு சாய்ந்தாலும் அடியில் இருக்கும் வாய் மூழ்கியே இருக்கும். இடம் இருந்தால் இதே ஒடுக்க வடிவில் பெரியதே மேல்.

அளவு ஏன் முக்கியம் என்றால், பிரெஷர் பம்பு நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் ஐந்து லிட்டர் ஆயில் இருந்தால் மொத்த ஆயிலும் பத்து நொடிக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. நுரையாக வந்து விழுந்த ஆயில் காற்றை விட்டுவிட்டு மறுபடி உள்ளே போக அந்தப் பத்து நொடிதான் நேரம். மூன்று லிட்டர் போட்டால் ஆறு நொடி.

டேங்கின் வடிவம் எப்படி இருக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆயில் டேங்கை ஆயில் சேமிக்கும் பாத்திரம் என்று நினைத்துதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது ஆயிலிலிருந்து காற்றைப் பிரிக்கும் கருவி.

என் முதல் டேங்க் செவ்வகப் பெட்டி. அகலம் 30, உயரம் 20, தடிமன் 12 செ.மீ. கணக்கில் ஏழு லிட்டர் வந்துவிட்டது, மட்கார்டுக்குப் பின்னால் அழகாகவும் உட்கார்ந்தது. ஆயில் திரும்பி வரும் குழாயை மேல் தகட்டின் நடுவில் வைத்தேன். வெளியே போகும் வாயை அடியில், ஏறக்குறைய அதற்கு நேர் கீழே வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரல்வாய்மொழி பக்கம் ஓட்டிப் போனேன். எஞ்சின் சூடாகி 4,000 ஆர்பிஎம்மில் நிற்கும்போது பிரெஷர் மீட்டர் முள் 50-க்கும் 35-க்கும் நடுவே துடிக்க ஆரம்பித்தது. முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கீழே வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.

கழுத்து வரைக்கும் நுரை. கலயத்தில் கள் பொங்கி நிற்குமே, அப்படி, ஆனால் பழுப்பு நிறத்தில். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்துகொண்டே இருந்தன. டிப் ஸ்டிக்கை விட்டால் ‘ஃபுல்’ காட்டியது. அந்த ஊர்க் காற்றில் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அதுதான் உண்மையான ஆயில். அத்தனை நேரமும் பம்பு உறிஞ்சிக்கொண்டிருந்தது பாதி காற்று.

நம் ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். வரத்துக்கால் ஒரு பக்கம், மடை இன்னொரு பக்கம். கலங்கலாக வரும் தண்ணீர் குளத்தின் நீளத்தைக் கடந்து தெளிந்த பிறகுதான் மடைக்கு வரும். வரத்தும் மடையும் அடுத்தடுத்து இருந்தால் வயலுக்குச் சேறுதான் போகும். நான் செய்தது அதுதான்.

இரண்டாவது டேங்கில் இவற்றைச் சரிசெய்தேன். உருளை வடிவம். திரும்பி வரும் குழாய் ஆயில் மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில், நேராகக் குத்தாமல் சுவரை ஒட்டி வழுக்கிப் போகும்படி நுழைகிறது. ஆயில் சுவரோடு சுழன்று இறங்கும். கனமான ஆயில் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், லேசான காற்று நடுவில் சேர்ந்து மேலே போகும். தயிர் கடையும்போது கவனித்திருப்பீர்கள், சுழலும்போது நடுவில் குழி விழும். அதே இயக்கம். பாதி உயரத்தில் துளைகள் போட்ட ஒரு தடுப்புத் தகடு. ஆயில் அதன் வழியே நிதானமாக இறங்கும், வளைவில் மேலே தாவாது. அடிப்பாகம் புனல் மாதிரி, வெளிவாய் அதன் நுனியில். அந்த வாய்க்கு மேலே கூட்டல் குறி வடிவில் இரண்டு சின்னத் தகடு. அது இல்லாவிட்டால் சுழல் அடிவரை இறங்கி, தொட்டியில் தண்ணீர் வடியும்போது சுழி விழுவதுபோல், காற்றைப் பம்புக்குள் இழுத்துவிடும்.

அதே ரோடு, அதே வேகம். முள் அசையவில்லை.

கடையில் வாங்குவதா, இங்கேயே செய்வதா?

ரெடிமேட் டேங்க் வாங்கினால் உள்ளே தடுப்பு இருக்கிறதா, குழாய் சுவரை ஒட்டி நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே பாலிஷ் போட்டு மின்னும், உள்ளே வெறும் டப்பாவாக இருக்கும் டேங்குகள் உண்டு. மூடியைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கே செய்வது நடக்காத காரியம் இல்லை. அலுமினியத்தில் நன்றாக ஆர்கான் வெல்டிங் செய்கிறவர் ஒருவர் கிடைத்தால் போதும். 5052 கிரேடு தகடு கேளுங்கள், கடல் காற்றைத் தாங்கும். உடம்புக்கு 2 மி.மீ., அடிக்கும் பிராக்கெட்டுக்கும் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் 304-உம் நல்லதுதான், எடை கூடும். சாதாரண இரும்புத் தகடு வேண்டாம். மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் வீடு இருந்தால் ஒரே மழைக்காலத்தில் மடிப்புகளில் துரு பிடித்துவிடும். உள்ளே பிடித்தால் துரு நேராகப் பேரிங்குக்குப் போகும்.

என் டேங்கை ஒட்டிக்கொடுத்த பெரியவர் பிராக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘மக்கா, இதை நேரா தகட்டுல ஒட்டாத. அதிருற வண்டியில முதல்ல வாய் பிளக்குறது இந்த இடம்தான். ஊடால ஒரு பட்டை வைப்போம்’ என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அலுமினியம் விறைப்பாகப் பிடிக்கப்பட்ட இடத்தில்தான் விரிசல் விடும். அந்தப் பட்டையோடு, டேங்கையே ரப்பர் வைத்த இரண்டு வளையப் பட்டிகளால் கட்டியிருக்கிறேன். கீழே ஒரு தாங்கு தட்டு.

வெல்டிங் முடிந்ததும் எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை மட்டும் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கம்ப்ரசரை நேராக வைத்து ஏற்றவே கூடாது, டேங்க் வெடிக்கும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். நான் ஐந்து முறை கழுவினேன். நான்காவது முறையிலும் துணியில் இரண்டு மினுக்கம் தெரிந்தது.

டேங்கை எங்கே வைப்பது?

டேங்கின் அடி பம்பின் வாயைவிட மேலே இருக்க வேண்டும். ஆயில் தன் எடையால் பம்புக்கு வந்து நிற்க வேண்டுமே தவிர, பம்பு மேலே இழுக்க வேண்டிய நிலை வரக் கூடாது. அப்புறம், பம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்குத் தள்ளி இருக்க வேண்டும். மோதலில் முதலில் நசுங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னால் வைத்தால் இடையில் இரும்புத் தடுப்புச் சுவர் அவசியம், கொதிக்கும் ஆயில் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இத்தனையும் ஒருசேரக் கிடைக்கும் இடம் பழைய காரில் அபூர்வம். எடைப் பங்கீட்டுக்காக டிக்கியில் வைக்கிறார்கள் சிலர். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் அது டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸை இரண்டு மீட்டர் நீளமாக்கிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் முன் மட்கார்டுக்கும் கால் வைக்கும் அறைக்கும் இடையில் வைத்தேன்.

போர்ஷே 1972 மாடல் 911-இல் எடையை நடுவுக்குக் கொண்டுவர டேங்கைப் பின் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, வலப்பக்கம் வெளியே மூடி வைத்தது. பெட்ரோல் மூடி என்று நினைத்து அதில் பெட்ரோல் ஊற்றிய கதைகள் அந்தக் காரோடு சேர்ந்தே சொல்லப்படும். அடுத்த வருஷ மாடலில் பழைய இடத்துக்கே போய்விட்டது. உங்கள் மூடி வெளியே தெரிந்தால் ‘ஆயில்’ என்று பெரிதாக எழுதிவையுங்கள்.

ஹோஸ் எந்த அளவில் போட வேண்டும்?

டேங்கிலிருந்து பிரெஷர் பம்புக்குப் போகும் ஹோஸ்தான் எல்லாவற்றிலும் தடிமனாக, குட்டையாக, வளைவு குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு ஹோஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு லிட்டர் வரை உள்ள எஞ்சினுக்கு ஏஎன் என்ற ஹோஸ் அளவு முறையில் 12 போதும். அந்த எண் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 12 என்றால் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. பெரிய எஞ்சினுக்கு ஏஎன் 16, ஒரு அங்குலம். ஸ்கேவெஞ்சிலிருந்து டேங்குக்கு 12, பம்பிலிருந்து எஞ்சினுக்கு 10 என்று போடலாம்.

தள்ளும் பக்கம் ஹோஸ் கொஞ்சம் ஒடுங்கினாலும் பம்பு பலத்தைக் கூட்டித் தள்ளிவிடும். உறிஞ்சும் பக்கம் அப்படி முடியாது. அங்கே தள்ளுவதற்கு இருப்பது ஆயிலின் எடையும் வெளிக்காற்றின் அழுத்தமும்தான். ஒடுங்கினால் ஆயிலுக்குள்ளேயே குமிழ் உண்டாகி, பம்பு கரகரவென்று சத்தம் போடும். இதே காரணத்தால் உறிஞ்சு ஹோஸ் உள்ளுக்குள் கம்பிச்சுருள் வைத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் இளகி உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

90 டிகிரி முழங்கை வேண்டிய இடத்தில் கூர்மையாகத் துளையிட்டுச் செய்தது வேண்டாம். வளைத்த குழாயில் செய்ததை வாங்குங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் ஹோஸைப் போடலாமா?

எந்த ஹோஸ் என்பதைப் பொறுத்தது. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் முழுக்க ரப்பர்த் தோட்டம், அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமே நாகர்கோவிலில்தான் இருக்கிறது. ஆனாலும் மரத்தில் வடியும் இயற்கை ரப்பருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஆகவே ஆகாது. ஆயிலைக் குடித்து ஊதி, பஞ்சாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வெட்டி ஆயிலில் ஒரு வாரம் போட்டுவைத்துத் தடிமனை அளந்து பாருங்கள். நான் போட்டுவைத்த துண்டு இருந்த பாட்டிலின் வாய் வழியாகத் திரும்ப வெளியே வரவில்லை.

ரேடியேட்டர் ஹோஸும் ஆகாது. அது தண்ணீருக்கானது, பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், ஆயிலில் ஊதும். வேண்டியது நைட்ரைல் ரப்பர், அல்லது உள்ளே டெஃப்லான் பூசிய ஹோஸ்.

ஜேசிபிக்கும் விசைப்படகுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக்கொடுக்கும் கடைகள் நமக்குப் பெரிய உதவி. உறிஞ்சு பக்கத்துக்கு ‘ஆர்4 சக்‌ஷன் ஹோஸ்’ என்று கேளுங்கள், கம்பிச்சுருளோடு வரும். அதிக அழுத்தத்துக்கான ஹோஸ் கனமானது, வளையாது. இன்னொன்று, ஹைட்ராலிக் முனைகளின் உள்துளை ஹோஸைவிட ஒடுக்கமாக இருக்கும். முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும்.

திரெட் பொருந்துகிறது, ஆனால் கசிகிறது. ஏன்?

இரண்டு வேறு திரெட்டுகளைச் சேர்த்திருப்பீர்கள். ஏஎன் முனையும் ஹைட்ராலிக் கடையில் கிடைக்கும் ஜேஐசி முனையும் 37 டிகிரி சரிவுதான், ஒன்றோடொன்று சேரும். பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய்த் திரெட். அமெரிக்கக் குழாய்த் திரெட்டான என்பிடி அதில் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், சரி என்று தோன்றும், ஆனால் அடைக்காது. அலுமினிய டேங்கின் திரெட்டையும் கெடுத்துவிடும். நேர் திரெட் பிஎஸ்பிக்கு ரப்பர் பதித்த டவுட்டி வாஷர் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் பிய்ந்து ஆயில் வழியில் போய் அடைக்கும்.

பித்தளை முனையை அலுமினியத்தில் நேராகப் பூட்டினால் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

ஆயில் ஒழுகவே இல்லை, ஆனாலும் பிரெஷர் துடிக்கிறது. எங்கே பார்ப்பது?

உறிஞ்சு ஹோஸின் கிளிப்பில். தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஓடும்போது காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. இதனால்தான் பலர் பம்பைக் கழற்றி, பேரிங்கைக் கழற்றி, மாதக்கணக்கில் தேடுகிறார்கள்.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸை அப்பிப் பாருங்கள். துடிப்பு நின்றால் ஓட்டை அங்கேதான். நிரந்தரத் தீர்வு, குழாய் முனையில் ஒரு மேடு வளையம் இருக்க வேண்டும், ஹோஸ் அதைத் தாண்டி ஏற வேண்டும், கிளிப் மேட்டுக்குப் பின்னால் இறுக வேண்டும். முடிந்தால் கிளிப்பையே தவிர்த்துவிட்டுத் திரெட் முனைக்கு மாறிவிடுங்கள்.

கூலரும் ஃபில்டரும் எந்த இடத்தில்?

ஸ்கேவெஞ்சிலிருந்து டேங்குக்குத் திரும்பும் வழியில் கூலர். அங்கே அழுத்தம் குறைவு, கூலர் வெடித்தாலும் பேரிங்குக்குப் போகும் ஆயில் உடனே நிற்காது. பிரெஷர் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஃபில்டர். ஸ்கேவெஞ்ச் பம்புக்கு முன்னால் கம்பிவலை. உறிஞ்சு ஹோஸில் காகித ஃபில்டர் ஒருபோதும் வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்குக் கூலர் பெரிதாக வேண்டும் என்பது பாதி உண்மை. ஆயில் 90 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் அதில் சேரும் ஈரம் ஆவியாகும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. வடசேரிக்குப் போய் வருவது மாதிரி குட்டிப் பயணமே போனால் அந்த ஈரம் ஆயிலோடு கலந்து மூடியின் அடியில் மோர் நிறத்தில் படியும். அதனால் ஆயில் சூடான பிறகு மட்டும் கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் சேர்த்தே கூலர் போடுங்கள். ஆயில் 60 டிகிரி தாண்டும் வரை 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள்.

பிரீதர் குழாய் எங்கே போக வேண்டும்?

டேங்கின் உச்சியிலிருந்து, மேல்நோக்கி ஏறி, ஒரு தனி டப்பாவுக்கு. குளத்துக்கு மறுகால் மாதிரி இது. எஞ்சின் கிராங்க் அறையின் பிரீதரை டேங்கின் மேல்பகுதியோடு சேர்க்கலாம். குழாய் நடுவில் தொங்கிப் பள்ளம் விழக் கூடாது, அதில் ஆயில் தேங்கினால் அடைப்புதான்.

முதல் முறை எப்படி ஸ்டார்ட் செய்வது?

அவசரப்படாமல். டேங்கில் ஆயில் ஊற்றுங்கள். உறிஞ்சு ஹோஸைப் பம்பு முனையில் தளர்த்தி, குமிழ் இல்லாமல் ஆயில் வடியும் வரை விட்டு, இறுக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பத்து நொடி சுற்றி, ஒரு நிமிஷம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி. பிரெஷர் முள் எழுந்து நின்ற பிறகுதான் பிளக் போட வேண்டும். பம்பு பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றி டிரில் மெஷினால் பம்பை அதன் திசையிலேயே சுற்றுவது இன்னும் நல்லது. ஸ்டார்ட் ஆனதும் கூலரும் ஹோஸும் நிரம்பி டேங்கில் மட்டம் இறங்கும், அருகில் ஒரு லிட்டர் தயாராக வைத்திருங்கள்.

ஆயில் மட்டம் எப்போது பார்க்க வேண்டும்? நிறுத்தி வைத்தால் டேங்க் காலியாகிவிடுகிறதே?

சம தரையில், எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது. பழைய 911 காரர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆறிய எஞ்சினில் பார்த்து ‘குறைகிறது’ என்று ஊற்றினால், அடுத்த ஓட்டத்தில் அத்தனையும் பிரீதர் வழியாக வெளியே வரும்.

நிறுத்தி வைத்தால் டேங்கு ஆயில் பம்பின் பற்களுக்கு இடையிலான இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் இறங்கும். புல்லட் ஒரு மாதம் நின்றால் முதல் உதையில் புகை தள்ளுவது இதனால்தான். சிலர் உறிஞ்சு ஹோஸில் வால்வு போட்டு, நிறுத்தும்போது மூடிவிடுகிறார்கள். திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷத்துக்குள் எஞ்சின் போய்விடும். வால்வு போட்டே ஆக வேண்டும் என்றால், அது திறந்திருந்தால்தான் இக்னிஷனுக்குக் கரண்ட் போகும்படி ஒரு சுவிட்ச் சேருங்கள். ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வும் எனக்குப் பிடிக்காது, அது எப்போதும் உறிஞ்சலைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

நான் எதுவும் போடவில்லை. மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, ஆயில் 90 டிகிரி தொடும் வரை ஓட்டுகிறேன். மூன்று வாரத்துக்கு மேல் நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றி, முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வேன். அந்தச் சுற்றலிலேயே ஸ்கேவெஞ்ச் பம்பு கீழே இறங்கியதில் பெரும்பகுதியை மேலே ஏற்றிவிடுகிறது.

பேரிங் போன எஞ்சினில் இருந்த டேங்கைக் கழுவிவிட்டுப் போடலாமா?

டேங்கைப் போடலாம், தடுப்புத் தகட்டைக் கழற்ற முடிந்தால். கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால் அடிப்பாகத்தை அறுத்து, துடைத்து, மறுபடி ஒட்டுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவுங்கள். கூலரை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் மெல்லிய குழாய்களுக்குள் சிக்கிய உலோகத் துகளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. அடுத்த எஞ்சினில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் அது ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.